ஒன்பது மணிக்குத் திறக்கும் காடு

வண்டலூர் உயிரியல் பூங்காவை ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறார்கள். நான் தேடிப் போன பறவை அதற்கு வெகுநேரம் முன்பே பேசி முடித்திருக்கும். மறுபடி அது வாய் திறப்பது பொழுது சாயும்போது. அந்த நேரத்தில் காவலர்கள் விசில் ஊதி, குழந்தைகளைத் தூக்கி வைத்திருக்கும் அப்பாக்களை வாசல் பக்கம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆறுமணிக் குருவி என்று ஊர் பெயர் வைத்த பறவைக்கும் அரசாங்க நேரத்துக்கும் ஒத்துவராது.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். விடியலில் மதிலுக்கு வெளியே நின்று கேட்பது, பிறகு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தேடுவது.

தாம்பரத்தில் இருட்டோடு செங்கல்பட்டு வண்டி ஏறினால் பெருங்களத்தூர், அடுத்தது வண்டலூர். பெட்டியில் மறைமலைநகர் ஆலைகளுக்குப் போகும் முதல் ஷிப்ட் ஆட்கள் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலை. அதைக் கடப்பதே தனிப் பயணம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்திலிருந்து வரும் கூட்டமெல்லாம் விடியற்காலையில் இந்தப் பக்கம்தான் இறங்குகிறது. டீக்கடைக்காரருக்கு நல்ல காலம். காது கொடுத்துக் கேட்க வந்தவனுக்குப் போதாத காலம்.

கேளம்பாக்கம் சாலையில் பூங்கா மதிலை ஒட்டிக் கொஞ்சதூரம் நடந்தால் சத்தம் தணிகிறது. கல்லூரிப் பேருந்துகள் கிளம்பும்வரை ஓர் அரைமணி நேரம் கிடைக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் வேம்பும் நுணாவும், கீழே சூரையும் காரையும் பின்னிக்கிடக்கின்றன. கிழக்கு வெளுக்கும்போது அங்கிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. முதல் சுரம் மேலேறும், அடுத்தது சறுக்கி இறங்கும், வீ...ட் ட்யூ. அவ்வளவுதான் அதன் பாட்டு. சற்று இடைவெளி விட்டு அதையே மறுபடி. இடது பக்கம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. அதற்கும் அப்பால், மதில் வளையும் இடத்தில், மூன்றாவது. ஒன்றை ஒன்று பார்க்காமலேயே இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று ஆள்வருகை எடுத்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிப்போயிற்று.

ஆறு மணி என்பது நாம் வைத்த கணக்கு. சென்னையில் அக்டோபர் கடைசியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும். ஜனவரி கடைசியில் ஆறரையைத் தாண்டிவிடும். மாலையிலும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட வித்தியாசம். குருவி வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுகிறது. அதன் ஆறு மணி மாதத்துக்கு மாதம் நகரும். ஆனாலும் பெயர் வைத்தவர்கள் பிசகவில்லை. நாள் முழுக்க மௌனமாக இருந்துவிட்டு இரண்டு சந்தி வேளையில் மட்டும் குரல் கொடுக்கும் என்ற முக்கியமான செய்தியைப் பிடித்துவிட்டார்கள். மழை மூட்டமாக இருந்தால் நடுப்பகலிலும் கூவும். அதுவும் வெளிச்சக் கணக்குத்தான்.

பறவையியலாளர்கள் இதை இந்தியப் பிட்டா என்பார்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறியது, பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்கும். உச்சந்தலை வெளிர்பழுப்பு, நடுவே கருங்கோடு, கண்ணை மறைத்துப் பட்டையாக இன்னொரு கருப்பு, தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், வயிறு மங்கிய மஞ்சள், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இந்தியில் நவரங் என்று அழைப்பதில் மிகை எதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே உடுப்பு. வால் மட்டும் வெட்டிவிட்டதைப்போல இருக்கும். 1766-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இதைக் காகக் குடும்பத்தில் போட்டுவிட்டார். உயிருள்ள பறவையை அவர் பார்த்ததில்லை; பார்த்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

அதன் உண்மையான சுற்றம் வேறு. மரத்தில் கால்பற்றி அமரும் பறவைகளுக்குள் ஒரு பழைய கிளை இருக்கிறது. தொண்டைத் தசைகள் எளிமையானவை. பாட்டை அப்பன் ஆத்தாளிடம் கேட்டுப் படிக்காமல் பிறப்பிலேயே கொண்டுவருபவை அவற்றில் பெரும்பாலானவை. அந்தக் கிளையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் தென் அமெரிக்கா பக்கம் இருக்கின்றன. நம் பக்கத்து உலகில் வெகுசிலதான். தமிழ்நாட்டில் அந்தக் கிளைக்கு ஆறுமணிக் குருவி ஒன்றே வாரிசு. குண்டுகரிச்சானும் சோலைப்பாடியும் ஒருவரிடம் ஒருவர் புதுப்புது ராகம் கற்றுக்கொண்டு பாடும் காட்டில், இது இரண்டு சுரத்தோடு வந்து இரண்டு சுரத்தோடு போய்விடும்.

உலகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிட்டாக்கள் உண்டு. எல்லாமே இருண்ட காட்டுத் தரையில் ஒளிந்து வாழ்பவை. 2009-இல் கிரிஸ் கூடி என்ற ஆங்கிலேயர் வேலையை விட்டுவிட்டு, அன்று அறியப்பட்டிருந்த பிட்டா இனங்கள் அத்தனையையும் ஒரே ஆண்டில் பார்க்கவேண்டும் என்று ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அலைந்து, அதைப் புத்தகமாகவும் எழுதினார். பார்ப்பதே இந்தப் பாடு என்றால் ஆராய்ச்சிக்குக் கேட்கவேண்டாம். நம் பிட்டாவின் கூட்டையும் முட்டையையும் பற்றி நூறாண்டுக்கு மேலாக எழுதியிருக்கிறார்கள். இமயத்தின் அடிவாரம், மத்திய இந்தியக் குன்றுகள், கர்நாடகம் வரையிலான மேற்குமலைச் சரிவு ஆகிய இடங்களில் தென்மேற்குப் பருவமழையோடு கூடு கட்டும். காய்ந்த இலையும் புல்லும் உருட்டி வைத்த பந்து, பக்கவாட்டில் வாசல், உள்ளே பளபளக்கும் வெள்ளை முட்டைகள் நாலோ ஐந்தோ, அதன்மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள். இவ்வளவு தெரியும். ஆனால் வருடத்தில் பாதிக்கு மேல் அது தங்கியிருப்பது தெற்கே நம்மிடமும் இலங்கையிலும். இங்கே அது என்ன செய்கிறது, எவ்வளவு இடத்தை வளைத்துக்கொள்கிறது, போன வருடத்துப் புதருக்கே திரும்புகிறதா என்று பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். ஜி.எஸ்.டி. சாலையில் பைனாகுலரோடு போகிறவர்கள் யாரும் வண்டலூரில் இறங்குவதில்லை. நேராக வேடந்தாங்கல். தண்ணீர்ப் பறவைகள் பெரியவை, வெளிப்படையானவை, எண்ணுவதற்கு வசதியானவை. வண்டலூருக்குள்ளேயும் ஓட்டேரி ஏரியில் நாரையும் நீர்க்காகமும் அமர்ந்தால் கூட்டம் கூடும். புதருக்கடியில் தனியாக இருப்பதைத் தேட யாருக்கு நேரம்?

ஒன்பது மணிக்கு உள்ளே போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து வெள்ளைப்புலியைக் கேட்டபடி ஓடினார்கள். பேட்டரி வண்டிக்கு ஒரு வரிசை, சைக்கிளுக்கு ஒரு வரிசை. இந்தப் பூங்காவுக்குப் பெரிய வரலாறு உண்டு. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் கூடம், சில ஆண்டுகளில் சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நூறாண்டுக்கு மேல் அங்கேயே நெருக்கடியில் கிடந்தது. 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். வண்டலூரில் புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர். கிண்டி தேசியப் பூங்காவைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

விலங்குகளுக்கு இடம் தாராளமாக வேண்டும் என்று வண்டலூர்க் காப்புக்காட்டைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே காடு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. விறகுக்கு வெட்டி, ஆடு மேய்ந்து, முள்ளும் மொட்டைப் பாறையுமாக இருந்த குன்று. கன்று நட்டார்கள். வேலி போட்டார்கள். வெட்டும் மேய்ச்சலும் நின்றதும் சோழமண்டலக் கரையின் பழைய புதர்க்காடு தானாகவும் எழுந்து வந்தது. கூண்டுக்குள் இருப்பவற்றுக்காகச் செய்த ஏற்பாடு, கூண்டுக்கு வெளியே வருபவர்களுக்கும் ஆகிவந்தது. என் கணக்கில் வண்டலூர் பூங்காவின் பெரிய சாதனை இதுதான். ஆனால் நுழைவுச்சீட்டில் அது எழுதியிருக்காது.

உள்ளே நடந்துகொண்டே பறவை பார்க்கும் பெரிய வலைக்கூடம் இருக்கிறது. அதற்குள் நல்ல கூட்டம். அதைத் தாண்டி, பாதையை விட்டு இறங்காமல், புதர் அடர்ந்த ஒரு வளைவில் நின்றேன். கீழே நிழல் கெட்டியாக இருந்தது. நேரம் போயிற்று. ஒரு கொடிக்கால் வாலாட்டி வந்து வாலைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டுப் போயிற்று. அதுவும் குளிர்கால விருந்தாளிதான். பச்சைவாயன் ஒன்று கொடிக்குள் நீளவாலை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறியது. நான் தேடியது வரவில்லை.

பாதையைப் பெருக்கிக்கொண்டு வந்த அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னா சார், ரொம்ப நேரமா தரையவே பாத்துக்கினு நிக்கிறீங்க? ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"ஒரு குருவிம்மா. பச்சை முதுகு, வாலே இருக்காது. தத்தித் தத்திப் போகும்."

"வயித்தாண்ட செவப்பா இருக்குமே, அதுவா? அது இங்க எங்க வரும்? இந்தப் பக்கமெல்லாம் பெருக்கியாச்சு. அதோ பைப்பு ஒழுகுது பாருங்க, அந்தாண்ட சருகு மொத்தமா கெடக்கும். அங்க போயி நில்லுங்க. ஆனா ஆடாம நிக்கணும்."

அவர் சொன்ன இடத்தில் நின்றேன். குழாய் இணைப்பில் கசிந்த தண்ணீர் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணை நனைத்திருந்தது. அதன்மேல் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. முதலில் காதில்தான் விழுந்தது. சரக், பிறகு மௌனம், மறுபடி சரக். ஓர் இலை தானாகப் புரண்டது. இலைக்குப் பின்னால் அது நின்றிருந்தது.

ஒன்பது நிறம் போட்ட பறவை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. நமக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பச்சை மட்டும்தான். நிழலில் அந்தப் பச்சை இருட்டோடு கலந்துவிடும். சிவப்பு அடியில் ஒளிந்திருக்கும். தலையின் கருப்பும் பழுப்பும் காய்ந்த இலைகளின் ஓரங்களோடு சேர்ந்துவிடும். அது மூன்று தத்து தத்தும், நிற்கும், தலையைச் சாய்க்கும். குட்டைவாலை மெதுவாக மேலும் கீழும் அசைக்கும். பிறகு அலகால் ஓர் இலையை வீசி எறிந்து கீழே பார்க்கும். மண்புழு கிடைத்தால் இழுத்து நிலத்தில் அடித்து விழுங்கும். கறையானும் வண்டும் கிடைத்தாலும் சரி. காலால் கிளறுவதில்லை, எல்லாம் அலகு வேலை. செடிக்கு அப்பால் யாரோ குழந்தை கத்தியதும் பறக்கவில்லை. அப்படியே பதுங்கி உறைந்தது. என்னால் அது நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தவறவிட முடிந்தது. இரண்டாம் முறை ஆள் நடமாட்டம் வந்ததும் விர்ரென்று எழுந்து தாழ்ந்த கிளைக்குப் போயிற்று. அப்போதுதான் இறக்கை நுனியின் வெள்ளைத் திட்டு பளிச்சிட்டது.

சருகும் ஈரமும் நிழலும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வராது. அதன் ஆண்டுப் பயணமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. வடக்கே தென்மேற்கு மழையில் தரை ஊறியிருக்கும்போது குஞ்சு பொரிக்கிறது. அங்கே தரை காயத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரில் கிளம்பினால் நம் கரையில் வடகிழக்கு மழை காத்திருக்கிறது. இரண்டு மழைக்கும் நடுவே இமயத்தின் அடிவாரத்திலிருந்து வண்டலூர் வரை ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர். சில இன்னும் தள்ளி இலங்கைக்குப் போகின்றன. பிப்ரவரிக்குப் பிறகு நம் புதர்க்காடும் காய்ந்துவிடும். அப்போது ஆளுக்கொரு புதரைப் பிடித்து மற்றதை உள்ளே விடாமல் காப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. ஒழுகும் குழாய் ஒன்று கைவசம் இருந்தால் ஏப்ரல்வரை தாக்குப்பிடிக்கலாம். விடியலில் மதிலுக்கு வெளியே நான் கேட்டது இந்தப் பட்டா விவகாரம்தான்.

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் இந்தப் பூங்காவில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. மேலே கூரை போனதும் தரையில் வெயில் விழுந்து, சருகு மொறமொறவென்று காய்ந்துபோன இடங்கள் உண்டு. இப்போது அவற்றில் பல மறுபடி மூடிக்கொண்டிருக்கின்றன. விழுந்த மரங்களின் அடியில் ஈரமும் கறையானும் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, புயலை முழுக்கக் கெட்டவன் என்றும் சொல்ல முடியவில்லை.

மதியத்துக்கு மேல் தாம்பரம் திரும்பினேன். கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகம். 1837-இல் நகரத்துக்குள் தொடங்கிய கல்லூரி 1937-இல் சேலையூர்க் காட்டு நிலத்துக்கு வந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் இங்கே மரம் வளர்ப்பதையே இரண்டாவது உத்தியோகமாக வைத்திருந்தார். முந்நூற்று அறுபது ஏக்கருக்கு மேல் இன்றும் மரமும் புதரும். உள்ளே போக அனுமதி வேண்டும். கிடைத்தால் பொழுது சாயும்வரை இருங்கள். குருவி மாலைக் குரல் கொடுப்பதை இங்கே சௌகரியமாகக் கேட்கலாம். விடுதி மாணவர்களின் பந்துச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும். தலையைப் பின்னால் வீசி, அலகை வானத்தைப் பார்க்க உயர்த்திக்கொண்டு அது கூவும். வண்டலூர், தாம்பரம், கொம்பன் ஆந்தை வாழும் நன்மங்கலம், கிண்டி எல்லாம் ஒரே புதர்க்காட்டின் துண்டுகள். நடுவில் இருந்ததெல்லாம் மனைப்பிரிவாகிவிட்டது. தரையில் தத்திப் போகும் பறவை ஜி.எஸ்.டி. சாலையைத் தத்திக் கடக்காது. இரவில் பறந்துதான் வரவேண்டும், பறந்துதான் போகவேண்டும்.

அந்த இரவுப் பயணத்தில்தான் சிக்கல். 1836-இல் சென்னைக்கு வந்த ராணுவ மருத்துவர் தாமஸ் ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளிவந்த தமது இந்தியப் பறவைகள் நூலில் இதைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று தருகிறார். அவர் முதன்முதலில் பார்த்த ஆறுமணிக் குருவி சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குள் தஞ்சம் புகுந்திருந்தது. கோடைத் தொடக்கத்தில் மேல்காற்று பலமாக வீசும்போது இவை குடிசைகளிலும் கொட்டகைகளிலும் வந்து ஒதுங்குவதையும், நெல்லூரில் அப்படிப் பல உயிரோடு கிடைத்ததையும் எழுதியிருக்கிறார். பறக்கத் திராணியற்ற பறவை, காற்று அடித்துக்கொண்டு வந்துவிட்டது என்பது அவர் முடிவு. பார்த்ததில் பிழையில்லை, முடிவு பிழை. இரண்டாயிரம் கிலோமீட்டர் பறக்கிற உயிரைத் திராணியற்றது என்று சொல்ல முடியாது. இரவெல்லாம் பறந்து களைத்து விடியலில் இறங்குகிறது. இறங்கும் இடம் புதராக இருந்தால் பிழைத்தது. கட்டடமாக இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டது.

ஜெர்டன் காலத்தில் மாட்டிக்கொள்ள ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. இன்று தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை இரவு முழுக்க விளக்கெரியும் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அக்டோபரிலும் சென்னையில் யார் வீட்டுப் பால்கனியிலாவது, அலுவலக வராந்தாவிலாவது ஒரு வண்ணக்குருவி மயங்கிக் கிடக்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். கூண்டிலிருந்து தப்பி வந்த வெளிநாட்டுப் பறவை என்று நினைத்துத் தினை போடுகிறவர்கள் உண்டு. அது தினை தின்னாது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மதிலோரம் இரண்டு புங்கமரமும் ஒரு நாவலும் இருக்கின்றன. தினமும் காலையில் அடியில் ஓர் இலை இல்லாமல் பெருக்கி, கறுப்புப் பையில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். சுத்தம் என்றால் வெறும் மண் தெரியவேண்டும் என்று சங்கத்தில் முடிவு. பாம்பு வரும், கொசு வரும் என்கிறார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். நனைந்த சருகில் இல்லை. பாம்புக்குப் பயந்தால் நடைபாதையை மட்டும் பெருக்கலாமே. பூங்காவில் அந்த அம்மாள் அதைத்தான் செய்கிறார்: பாதை மனிதருக்கு, மற்றது சருகுக்கு.

தென்சென்னையில் மரமுள்ள மனை வைத்திருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். மதிலோரத்தில் ஒரு மூலையை அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை பெருக்காமல் விடுங்கள். கோடையில் அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இன்னும் நல்லது. மொட்டைமாடி விளக்கை இரவு பத்து மணிக்கு மேல் அணையுங்கள். கண்ணாடியில் மோதி விழுந்த குருவியைக் கண்டால் காகமும் பூனையும் வருமுன் எடுத்து, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து மூடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சடைத்துவிடும். சோறு, தானியம் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்கும். காகங்கள் அடைந்த பிறகு, இருட்டு முழுக்க விழுமுன், அருகில் இருக்கும் அடர்ந்த புதரோரம் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு விலகுங்கள். இறக்கை தொங்கினால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.